மலை தாண்டி வந்த மழை

ஜீப்பின் முன் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. துடைப்பான் ஒரு பக்கம் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபக்கம் மறைந்துவிடும். நான் பின் சீட்டில், மடியில் தயிர்சாதத் தூக்கை அணைத்துக்கொண்டு, "நில்லு, நில்லு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். டிரைவரைச் சொல்லவில்லை, மழையைச் சொன்னேன்.

பக்கத்தில் அப்பா. கண்ணை மூடிக்கொண்டு அவரும் எதையோ ஜபித்துக்கொண்டிருந்தார். மழை வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. மழை நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

தூத்காட் கணவாயிலிருந்து கரஞ்சேவாடி கிராமத்துக்கு நாலு மைல் இறக்கம். அந்த நாலு மைலுக்குள் மழை நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் மாடசாமி என்கிற மனிதருக்கு அந்த மலையில் வேலை போய்விடும். வேலை போனால் அவருடைய ஏழு வயது மகள் இசக்கி தாராவிக்குத் திரும்ப வேண்டும். தாராவியின் மழைக்காலத்தில் அந்தக் குழந்தையால் ஒழுங்காக மூச்சு விட முடியாது.

இத்தனைக்கும் காரணம் நான்தான். என் கையில் இருந்த ஒரு சிவப்புப் பென்சில்.

முன் சீட்டிலிருந்து எங்கள் மேலதிகாரி தேஷ்பாண்டே சாகேப் திரும்பிப் பார்த்தார். "மிஸ் ராஜலக்ஷ்மி, மழையே பெய்யாத அந்த கிராமம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இங்கிலீஷில் கேட்டார். குரலில் கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மழைச் சத்தத்தில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

போன வாரத்து மழை

அந்த ஜீப்பில் நான் எப்படி ஏறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், பம்பாய் கோட்டைப் பகுதியில், ஒரு மின்சாரக் கம்பெனியில் எனக்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. கம்பெனிக்கு மலையில் ஏரிகள் இருந்தன. ஏரித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி வந்து மின்சாரம் ஆகும். அதனால் மலையில் எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். மலைக் கிராமங்களில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து, வாரம் ஒரு அட்டையில் எழுதி அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். அந்த அட்டைகளைப் பார்த்துப் பெரிய ரெஜிஸ்தரில் ஏற்றுவது என் வேலை. எங்கள் பிரிவுக்கு ஆபீஸில் ஒரு பெரிய பெயர் இருந்தது. எல்லோரும் கூப்பிட்டது மழை செக்‌ஷன் என்றுதான்.

மாதுங்காவில் இது பரவியதும் எனக்கு வந்த மதிப்பே தனி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எங்கள் கட்டடத்தில் நான் படி இறங்கினால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறக்கும்.

"ராஜி, இன்னிக்கு வடாம் பிழியலாமோ?"

"மாமி, எனக்குப் போன வாரத்து மழைதான் தெரியும்."

"போன வாரத்து மழை எனக்கும் தெரியும்டீ. நனைஞ்ச வடாம் இன்னும் ஆத்துல கெடக்கு. அதைச் சொல்றதுக்கு ஒரு ஆபீஸா?"

அந்த மாமியிடம் நான் கடைசிவரை ஜெயிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் நான் மலையைப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

அட்டையில் வந்த மலை

பார்க்கவில்லையே தவிர, மலை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூத்காட்டில் அட்டை எழுதியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மராட்டிக்காரர். அட்டையின் ஓரத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. மழைமானி உடைந்துபோனால் எழுதுவதற்கான இடம் அது. வாத்தியார் அதில் இங்கிலீஷில் தன் மனக்குறையை எழுதுவார்.

"மூடுபனி. மழைமானி இருக்கும் இடம் தெரியவில்லை. தடவிப் போய் அளந்தேன்."

"பதினோராவது நாள் மூடுபனி. முதல் தேதி துவைத்த சட்டை இன்னும் காயவில்லை."

"இன்று சூரியன். மாணவர்கள் பாடம் கேட்கவில்லை. நானும் நடத்தவில்லை."

பழைய கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் கதைப் புத்தகம் போலப் படிப்பேன். பங்குனியில் மலையில் புல்லெல்லாம் காய்ந்து எலும்பு நிறம் ஆகிவிடும். சித்திரைக் கடைசியில் புதரெல்லாம் களாப்பழம் பழுத்து, பிள்ளைகள் கறுத்த நாக்கோடு பள்ளிக்கு வருவார்கள். மழைக்கு முந்தைய வாரம் ஒரு மரம் முழுக்க மின்மினிகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். பிறகு மேற்கேயிருந்து காற்று வரும். நாலு மாதம் வானமும் தரையும் ஒட்டிக்கொண்டுவிடும். புரட்டாசியில் ஒருநாள் மூடுபனி விலகினால் சரிவெல்லாம் மஞ்சள் பூ. தை மாதத்தில் அதிகாலைப் புல் நுனியில் வெள்ளையாக உறைந்திருக்கும், வாத்தியாருக்குக் குடத்துத் தண்ணீரில் கைவைக்க முடியாது.

இதெல்லாம் எண்களுக்கு நடுவில் வந்து சேர்ந்த செய்திகள். லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, என்னிடம் மட்டும் ஒரு மலை இருக்கிறது என்று பெருமையாக இருக்கும்.

அந்த வருஷம் கோடையில் கம்பெனி இன்னொரு மழைமானி வைத்தது. தூத்காட்டுக்குக் கிழக்கே நாலு மைலில், கரஞ்சேவாடியில். அங்கே ஓர் ஏரி வெட்டினால் தண்ணீர் நிற்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பொட்டல் கிராமத்துக்குப் போக யாரும் தயாராக இல்லை. செம்பூரில் இருந்த எங்கள் கிடங்கில் கலாசியாகச் சாமான் தூக்கிக்கொண்டிருந்த மாடசாமி ஒருவர்தான் கையைத் தூக்கினார்.

தென்காசிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பதனிடும் இடத்தை ஒட்டிய ஓர் அறையில் மனைவி, மகளோடு குடியிருந்தார். ஆனி பிறந்தால் அறைக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்துவிடும். இசக்கிக்கு நாலு மாதமும் இளைப்பு. "காய்ஞ்ச ஊரா பாத்துப் போயிருங்க" என்று சயான் பக்கத்து டாக்டர் சொல்லியிருந்தார். மழையை அளக்கும் வேலைக்கு, மழைக்குப் பயந்து ஒருத்தர் வந்து சேர்ந்தார்.

மாடசாமிக்கு இங்கிலீஷ் எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. ஆகவே குறிப்புகள் கட்டத்தில் தமிழில் எழுதினார். ஆபீஸே திகைத்துப்போய் அட்டையை என் மேஜைக்கு அனுப்பியது.

"காத்து மட்டும். மேகம் தலைக்கு மேல ஓடுது. நிக்க மாட்டேங்குது."

"பொடிச் சாரல். சட்டை நனையல. மூக்கு நனைஞ்சது."

அதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்ன என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவப்புப் பென்சில்

ஆனி போய் ஆடி வந்தது. தூத்காட் வாத்தியாரின் அட்டையில் மழை இருநூறு மில்லிமீட்டர், இருநூற்றுப் பத்து என்று கொட்டியது. அதே நாட்களில் மாடசாமியின் அட்டையில் பூஜ்யம். இரண்டு. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம்.

நாலு மைல் தூரத்தில் இப்படி ஒரு வித்தியாசமா?

என் கணக்கு எளிமையானது. மாதுங்காவிலிருந்து செம்பூரும் ஏறக்குறைய நாலு மைல்தான். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் என்றால் செம்பூரிலும் முழங்கால் தண்ணீர். இங்கே பெய்து அங்கே பெய்யாமல் இருந்ததை நான் கண்டதில்லை. ஆகவே மழைமானியில் ஓட்டை இருக்கலாம், பார்க்கவும் என்று எழுதினேன். பூஜ்யங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன். கீழே என் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் 'ரா' என்று போட்டேன். அது என் வழக்கம். இங்கிலீஷ் எழுத்தைப் போட்டால் ஆபீஸில் இருந்த இன்னும் மூன்று பேரோடு குழம்பிவிடும்.

தேஷ்பாண்டே சாகேப் அட்டையைப் பார்த்தார். அவருக்கு ஓட்டையாகத் தெரியவில்லை.

"சும்மா இருக்கிறவனுக்கு எழுத மிகவும் சௌகரியமான எண் பூஜ்யம்" என்றார். "இந்த ஆள் எழுந்து போய் அளப்பதே இல்லை."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எண்களில் பொய்யைப் பொறுக்கமாட்டார். மாதம் முடிந்ததும் மாடசாமி மலையை விட்டு இறங்கி செம்பூர் கிடங்குக்கே திரும்ப வேண்டும் என்று கடிதம் போய்விட்டது. நான் லீவில் இருந்த ஒரு நாளில் அது நடந்தது. எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வாசலில் கதவு தட்டும் சத்தம். நான் போய்த் திறந்தேன். மழையில் தொப்பலாக நனைந்த ஒருவர், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காகிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆபீஸ் அம்மா இங்கனதான் இருக்காகன்னு கெடங்குல சொன்னாவ. நான் மாடசாமி. கரஞ்சேவாடில மழ அளக்கேன்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார மாட்டேன், தரை நனைந்துவிடும் என்றார். காகிதத்தை நீட்டினார்.

"இங்கிலீசுல வந்துருக்கும்மா. மலைல படிச்சுச் சொல்ல ஆளில்ல. வாத்தியாரு லீவுக்குப் போயிருக்காரு. என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க."

கடிதத்தோடு அவருடைய அட்டையையே இணைத்து அனுப்பியிருந்தார்கள். என் சிவப்பு வட்டங்கள், கீழே என் 'ரா'. அதைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு கடிதத்தைத் தமிழில் சொன்னேன். 'பொய்யான அளவு' என்ற சொல் வந்தது. அந்த இடத்தைத் தாவிவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

மாடசாமி பிளாஸ்டிக் தாளை உதறி மடித்தார்.

"பொய்யா? எட்டரை மணிக்கு ஒரு நாளு தப்புனதில்லம்மா. இல்லாத மழைய எங்கருந்து கொண்டாந்து ஊத்த?" என்றார். பிறகு, "பிள்ளைக்கு ரெண்டு மாசமா எளைப்பு இல்ல. பள்ளிக்கூடம் போவுது. இப்பம் திரும்பத் தாராவின்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

உள்ளே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். எங்கள் பூர்விகம் பாலக்காடு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா.

"என்னவாக்கும் விஷயம்?" என்றார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நாலு மைலுக்குள் இருநூறும் பூஜ்யமும் எப்படி இருக்கும் என்பதுதான் ஆபீஸின் சந்தேகம் என்றேன். ஆபீஸ் என்றுதான் சொன்னேன், நான் என்று சொல்லவில்லை.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அசடே! கோயம்புத்தூர்லேர்ந்து நம்ம ஊருக்கு வண்டில போறச்சே வாளையார் வரைக்கும் என்ன இருக்கும்?"

"புழுதி."

"வாளையார் தாண்டினா?"

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த ரயிலில் போயிருக்கிறேன். கோயம்புத்தூரில் ஜன்னலைத் திறந்து வைத்து விசிறிக்கொண்டு வருவோம். வாளையார் வந்ததும் மழை அடிக்கும், பெட்டி முழுக்க ஜன்னலை இறக்கும் சத்தம் கேட்கும். ஜன்னலை இறக்கும் வேலை எப்போதும் என்னுடையது. அந்த நானா நாலு மைலுக்குள் மழை மாறாது என்று எழுதினேன்?

மாடசாமியின் முகம் சட்டென்று மாறிவிட்டது. "அப்படிச் சொல்லுங்க சாமி! எங்க பக்கமும் அதேதான். தென்காசில சாரல் மூஞ்சில அடிக்கும். கெழக்க ஆலங்கொளம் போனா மண்ணுதான் கண்ணுல அடிக்கும். மல மேகத்தப் புடிச்சு மேக்கயே பிழிஞ்சு எடுத்துட்டு, வெறும் காத்தத்தான் இங்கிட்டு அனுப்புது."

"அதே மலைதானே ஓய் இங்க வரைக்கும் வரது!"

"அதே மலதான் சாமி!"

இருவரும் மலைக்கு ஒரு பக்கம் ஒருத்தராகப் பிறந்து வளர்ந்தவர்கள். மழையில் நனைந்த பக்கத்துக்காரர் ஒருவர், காற்றில் காய்ந்த பக்கத்துக்காரர் ஒருவர். அறிமுகமே இல்லாமல் ஒருவர் தோளை ஒருவர் தட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா காப்பி கொண்டுவந்தாள். நான் சுவரோரமாக நின்று, மாதுங்காவிலேயே வளர்ந்ததால் மழை என்றால் தரைமட்டமாகப் பெய்வது என்று நினைத்துவிட்ட என் புத்தியை நொந்துகொண்டிருந்தேன்.

அப்பாவும் ஒரு டிக்கெட்

மறுநாள் தேஷ்பாண்டே சாகேபின் முன் நின்று, தப்பு என்னுடையது என்றேன். வாளையாரைச் சொன்னேன். தென்காசியைச் சொன்னேன். அவருக்கு இரண்டு ஊரும் தெரியாது.

"உங்கள் ஊர்க்காரர் என்பதால் பேசுகிறீர்களா?" என்றார்.

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. "இல்லை சார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, போவோம். நீங்களும் வாருங்கள். பூஜ்யத்தை உங்கள் கண்ணாலேயே அளந்து காட்டுங்கள்."

வீட்டில் பூகம்பம். கல்யாணமாகாத பெண் மேலதிகாரியோடு மலைக்குப் போவதா? அம்மா ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தாள். "நீங்களும் போங்கோ." அப்பா லீவு போட்டார். விபூதிப் பட்டையும் குடுமியும் பஞ்சகச்சமும் கான்வாஸ் ஷூவுமாக வி.டி. ஸ்டேஷனில் வந்து நின்ற அவரைப் பார்த்து தேஷ்பாண்டே சாகேப் ஒரு நொடி திகைத்துவிட்டு, கும்பிட்டார்.

கல்யாண் தாண்டி ரயில், பிறகு கம்பெனி ஜீப். தூத்காட் பங்களாவில் தங்கினோம். நான் இரண்டு வருஷம் அட்டையில் படித்த மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. வாத்தியார் எழுதியதில் ஒரு வார்த்தை மிகையில்லை.

காலையில் கரஞ்சேவாடிக்குக் கிளம்பினோம். ஊருக்குச் சற்று மேலே, மலைத்தோளில் ஓர் ஆலமரம் உண்டாம். அந்த மரத்தோடு மழை நின்றுவிடும் என்று பங்களா சமையற்காரர் அடித்துச் சொன்னார். தினமும் அப்படித்தானாம்.

ஆலமரம் வந்தது. மழை நிற்கவில்லை.

நிற்கவே இல்லை

சரிவில் இறங்க இறங்க இன்னும் பலத்தது. அப்பா ஜபத்தை நிறுத்திவிட்டு என் காதில், "ராஜி, இதென்னடி சோதனை?" என்றார். வருஷம் முழுக்கப் பெய்யாத இடத்தில், மூன்று பேர் பார்க்க வந்த அந்த ஒரு காலை வேளையில், மேகம் மலையைத் தாண்டிக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ஊருக்கு வெளியே முள்வேலி போட்ட சதுரத்தில் மழைமானி. பக்கத்தில் மாடசாமி, தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி குடிசை வாசலில் இசக்கியைக் கையோடு பிடித்துக்கொண்டிருந்தார். எட்டரை ஆக இரண்டு நிமிஷம் இருந்தது.

சாகேப் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எட்டரைக்கு மாடசாமி புனலை எடுத்தார். உள்ளே இருந்த பாட்டிலைத் தூக்கினார். நிறையத் தண்ணீர். அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு சொட்டு குறைக்கவில்லை. கீழே சிந்தாமல் புறங்கையால் கண்ணாடியின் வாயை மழைக்கு மறைத்துக்கொண்டார்.

"ஐம்பத்தாறு சாப்" என்றார்.

நான் பக்கத்தில் போனேன். "நாங்க வரோம்னு தெரியுமே. முன்னாடியே பாட்டிலைக் கவிழ்த்திருக்கலாமே அண்ணாச்சி" என்றேன், அடிக்குரலில். சொன்னதற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் சொன்னேன்.

"பெஞ்சது பெஞ்சதுதானம்மா. நேத்து இல்லாதத எழுத முடியல. இன்னைக்கு இருக்கத எப்படி அழிக்க?"

சாகேப் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஊருக்குள் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. இந்த மழை ஏமாற்றிவிட்டு ஓடாது என்று ஊருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்ததாம்.

முதலில் ஒரு தட்டு. பிறகு பத்துத் தட்டு. பிறகு ஊரே. புடவையைக் கச்சமாகக் கட்டிய பெண்கள், தலைப்பாகை நனைந்து கண்ணை மறைக்கும் ஆண்கள், இடுப்பில் குழந்தையைத் தூக்கியவர்கள், எல்லோரும் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். யாரிடமும் குடை இல்லை. இருந்தாலும் விரித்திருக்க மாட்டார்கள். "பாவூஸ் ஆலா! பாவூஸ் ஆலா!" மழை வந்துவிட்டது, மழை வந்துவிட்டது என்று கூவிக்கொண்டு, சேற்றில் வட்டம் கட்டி ஆட ஆரம்பித்தார்கள்.

நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நேராக சாகேபிடம் வந்தாள். அவர் கையிலிருந்த குடையை வாங்கி, மடக்கி, முள்வேலியில் மாட்டினாள். கம்பெனியில் எவனும் செய்யத் துணியாத காரியம். அவர் மூக்குக் கண்ணாடியில் மழை வழிய மராட்டியில் கேட்டார்:

"இதற்கு முன்னால் எப்போது பெய்தது?"

"போன வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு!" என்றாள் அவள்.

"இந்த ஆடியில்? ஆனியில்?"

அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "மலைக்கு அந்தப் பக்கம் நெல். இங்கே பாரும், என்ன போட்டிருக்கிறேன்? கம்பு! பெய்கிற ஊரில் எவளாவது கம்பு விதைப்பாளா?"

சாகேப் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாண் உயரக் கம்புப் பயிர், ஓரமெல்லாம் வாடி, மழையில் இப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தது. தூத்காட்டில் நெல் வயல்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததை ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்துவிட்டு வந்திருந்தோம். ஐம்பத்தாறு மில்லிமீட்டருக்கு தூத்காட்டில் ஒருத்தர்கூட ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்க மாட்டார். இங்கே ஊரே ஆடுகிறது.

சாகேப் நோட்டுப் புத்தகத்தை மூடினார். மூடிக்கொண்டே சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துப்போய்விட்டாள். என் மேலதிகாரி, டை கட்டிய கழுத்தோடு, சேற்றில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்தார். அதை ஆட்டம் என்று சொன்னால் ஆடியவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அப்பாவின் கதை இன்னும் வேடிக்கை. இந்த ஆகாசத்திலிருந்து மழையை இறக்கியது யார் என்று ஊருக்குக் கேள்வி வந்தது. விபூதியும் குடுமியுமாக ஒருவர் ஊருக்கு வருகிறார், அதே காலையில் மழையும் வருகிறது. அவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து காலில் விழ ஆரம்பித்தார்கள்.

"நஹி நஹி! ஹம் ரயில்வே கிளார்க் ஹை!" என்று அப்பா கத்திப் பார்த்தார். மழையை நிறுத்தத்தானே அவர் ஜபித்தார்! அதை மராட்டியில் விளக்க முடியாமல், ஐந்தாவது ஆள் விழுந்தபோது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு பூஜ்யம்

பத்தரை மணிக்கு மேகம் கலைந்தது. மாடசாமியின் குடிசையில் சூடாகக் கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும். அப்பா வெளிச் சாப்பாடு சாப்பிடமாட்டார். அன்று இரண்டு ரொட்டி சாப்பிட்டார். என் தயிர்சாதத்தை இசக்கி காலி செய்தாள்.

"நாளைக்கு என்ன எழுதுவீர்கள்?" என்று சாகேப் மாடசாமியை இந்தியில் கேட்டார்.

"நாளைக்கா சாப்? பூஜ்யம்தான்."

"எழுதுங்கள்" என்றார் சாகேப். "அடுத்த வருஷமும் நீங்கள்தான் எழுத வேண்டும்." கடிதத்தைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். மாடசாமியின் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் ஒரு பாக்கி இருந்தது. ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் மாடசாமியைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, அந்தச் சிவப்பு வட்டம் போட்டது நான். உங்க மேலே சந்தேகத்தைக் கிளப்பினது நான்தான்."

"தெரியும்மா" என்றார் அவர். "அட்டைல 'ரா'ன்னு தமிழ்ல போட்டிருந்துச்சே. அந்த ஆபீசுல வேற யாரு தமிழ்ல போடப் போறா? அதப் பாத்துட்டுத்தான உங்களத் தேடி வந்தேன்."

"அன்னிக்கே ஒண்ணும் கேக்கலையே நீங்க?"

"தப்பு பண்ணுனவுககிட்டதான அதச் சரி பண்ணச் சொல்ல முடியும்? மத்தவுகளுக்கு என்ன வந்துச்சு?" என்று சிரித்தார். "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அடுத்த வருசமும் இதே மாரி ஒரு சந்தேகம் எழுதி அனுப்புங்க. ஊருக்கு ஒரு மழ கெடைக்கும்."

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே ஜீப்பில் ஏறினேன்.

வண்டி சரிவில் ஏற ஆரம்பித்ததும் பின்னால் ஒரு சத்தம். இசக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். ஈரப் பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மேட்டுச் சரிவில், வண்டிக்குச் சமமாக. டிரைவர் மெதுவாக ஓட்டினார், அவள் வேகமாக ஓடினாள். தாராவியில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடும் பெண் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். நான் பதறிப்போய்க் கீழே குடிசைப் பக்கம் பார்த்தேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்றபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடவில்லை.

ஆலமரத்தடியில் அவள் நின்றாள். நான் வெளியே தலையை நீட்டி, இளைப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன்.

"அடுத்த வருசம் வாரப்ப மழை கொண்டாந்த சாமியையும் கூட்டிட்டு வாங்கக்கா!" என்று மலையெல்லாம் கேட்கும்படி கத்தினாள். கத்திவிட்டு, மூச்சு வாங்காமல், வந்த வழியே இறங்கி ஓடினாள்.